கார் ஏசி: கசிவைத் தேடாமல் கேஸ் நிரப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒர்க்‌ஷாப் வாசல்களில் ‘ஏசி கேஸ் நிரப்பப்படும்’ என்று பேனர் தொங்கும் காலம் வந்துவிட்டது. பத்திரிகைகளில் வரும் கோடைக்காலக் கார் பராமரிப்புக் குறிப்புகளிலும் ‘ஆண்டுக்கு ஒருமுறை ஏசி கேஸை நிரப்பிக்கொள்ளுங்கள்’ என்ற வரி தவறாமல் இடம்பிடிக்கிறது. அந்த வரியைத் திருத்த வேண்டும் என்பதற்காக, கார் ஏசி வேலையே தொழிலாகக் கொண்ட நாங்கள் இதை எழுதுகிறோம்.

ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீராது. கம்ப்ரசர், கண்டன்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று மூடிய வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓரிடத்தில் வெளியே போயிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள காரிலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசியத்தான் செய்யும். அதை யாராலும் தடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு உத்தரவு, ஒரு கூலிங் காயில் உள்ள காரில் ஆண்டுக்கு 40 கிராம், இரண்டு காயில் உள்ளதில் 60 கிராம் என்று இந்தக் கசிவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. நம் ஊர்ச் சின்ன கார்களில் மொத்தமே 350 முதல் 500 கிராம் கேஸ்தான் இருக்கும். போன சித்திரையில் நிரப்பியது இந்தச் சித்திரைக்குள் காலி என்றால், கசிவு அந்த வரம்பைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அதன்மேல் மறுபடியும் கேஸ் அடிப்பது வாடிக்கையாளரின் பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

காற்றில் விடுவது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ. பழைய ஆர்-12 போல ஓசோன் படலத்தை இது அரிப்பதில்லை. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 450 கிராம் வெளியேறினால் சுமார் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே காரில் 280 லிட்டர் பெட்ரோல் எரித்தால்தான் அவ்வளவு கரியமில வாயு வரும்.

இனி, கசிவு பார்ப்பதாகச் சொல்லி நடக்கும் வேலைக்கு வருகிறோம். பல இடங்களில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் வேக்கம் பம்பை மாட்டி, கேஜின் முள் மைனஸ் 30 அங்குலத்துக்கு (பாதரச அளவில், அதாவது முழு வெற்றிடத்துக்கு அருகில்) இறங்கியதும் வால்வை மூடி, பத்து நிமிடம் கழித்து முள் அசையவில்லை என்று காட்டி, “லீக் இல்லை சார்” என்று சொல்லிக் கேஸை ஏற்றிவிடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நாங்கள் நினைக்கவில்லை. முள் உண்மையாகவே அசையாது. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

வேக்கத்தில் குழாய்க்கு உள்ளும் புறமும் உள்ள அழுத்த வித்தியாசம் அதிகபட்சம் 14.7 பிஎஸ்ஐ. அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்துவது. கோடையில் ஏசி ஓடும்போது கண்டன்சர் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. மெல்லிய துளை வழியாகப் போகும் வாயுவின் அளவு, இருபக்க அழுத்தங்களின் வர்க்க வித்தியாசத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால், குழாய்க்குள் 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கும்போது (அந்த முறையைக் கீழே சொல்கிறோம்) கசிவதில் நூற்றில் ஒரு பங்குகூட வேக்கத்தில் உள்ளே வராது. போதாததற்கு, துளையின் வாயில் படிந்த ஆயிலும் தூசியும் வேக்கத்தில் உள்ளிழுக்கப்பட்டுத் தாமே அடைப்பாகிவிடும். இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நைந்திருந்தால், அதுவும் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ளும்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளியும். 450 கிராம் கேஸை ஒரே மாதத்தில் காலி செய்யும் கசிவை எடுத்துக்கொள்வோம். குழாய், காயில் எல்லாம் சேர்த்து உள்ளிடம் சுமார் 2 லிட்டர் என்று வைத்தால், நைட்ரஜன் அழுத்தத்தில் அந்தக் கசிவு மணிக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறக்கத்தைக் காட்டும். வேக்கத்தில் அதே கசிவு மணிக்கு 400 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது பாதரச மட்டத்தில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குத்தான் ஏற்றும். முள் கேஜில் அது ஓர் அங்குலத்தில் அறுபதில் ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எலக்ட்ரானிக் மைக்ரான் கேஜ் வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும். அவரும் உள்ளே ஈரம் ஆவியாவதால் வரும் ஏற்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஈரம் என்றால் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். கசிவு என்றால் ஏறிக்கொண்டே இருக்கும்.

வேக்கம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஈரத்தையும் காற்றையும் வெளியேற்ற அது கட்டாயம் வேண்டும். இரண்டு ஸ்டேஜ் பம்பில் குறைந்தது 30 முதல் 45 நிமிடம், மைக்ரான் கேஜ் இருந்தால் 500-க்குக் கீழே. அது உலர்த்தும் வேலை. கசிவு பார்ப்பது வேறு வேலை. (உதகை, கொடைக்கானல் பக்கம் முள் 23 அங்குலத்தைத் தாண்டவில்லை என்று பம்பைக் குறை சொல்ல வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தமே அவ்வளவுதான்.)

கசிவு பார்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. வண்டி வந்ததும் கேஸை வெளியே எடுக்க அவசரப்படக் கூடாது. என்ஜினை அணைத்த நிலையில் கேஜில் 50 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால், இருக்கும் கேஸை வைத்தே எலக்ட்ரானிக் டிடெக்டரால் முதலில் மோப்பம் பிடித்துவிடலாம். அந்த எண் கேஸின் அளவைச் சொல்லாது என்பதை மறக்கக் கூடாது. உள்ளே சிறிது திரவம் இருந்தாலே 35 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியில் சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். 100 கிராம் இருந்தாலும் அதேதான், 400 கிராம் இருந்தாலும் அதேதான். அதனால்தான் பிறகு, கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரிகவரி மெஷினில் எடுத்து எடைபோட வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராமில் இந்த எடையைக் கழித்தால், எவ்வளவு போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். போனது 50 கிராம், அதுவும் நாலைந்து ஆண்டுகளில் என்றால் கசிவைத் தேடி டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை. கூலிங் குறைவுக்குக் காரணம் கேபின் ஃபில்டரிலோ, சுற்றாத கண்டன்சர் ஃபேனிலோ, கண்டன்சரில் அப்பிய மண்ணிலோ இருக்கும்.

அடுத்து நைட்ரஜன். ஈரமில்லாத உலர் நைட்ரஜன், ரெகுலேட்டருடன். முழு சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டினால் காயில் வெடித்துவிடும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது: அந்தக் காற்றில் வரும் ஈரத்தை ஏசி ஆயில் பஞ்சுபோல் உறிஞ்சும், மேலும் ஆர்-134ஏ காற்றோடு கலந்து அழுத்தத்தில் இருக்கும்போது தீப்பிடிக்கும் நிலைக்கு வரக்கூடும். வெல்டிங் ஆக்சிஜனை எடுத்துப் போடுவதோ உயிருக்கே உலை வைப்பது. ஆக்சிஜனும் ஆயிலும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டரில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஹோஸை மாட்டவே கூடாது.

அழுத்தம் 150 பிஎஸ்ஐ போதும். ‘கூலிங் காயில் தாங்குமா?’ என்று சிலர் தயங்குகிறார்கள். ஏசியின் எல்லாப் பகுதியும் 60 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளிருக்கும் ஆர்-134ஏ சுமார் 230 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும். காயில் அதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஒரே மூச்சில் ஏற்றாமல் முதலில் 50-க்கு ஏற்றி, பெரிய சீற்றம் ஏதும் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுவது எங்கள் வழக்கம். ஏற்றியதும் சிலிண்டரை மூடி, ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். மேனிஃபோல்டு கேஜின் ஹோஸ் வாஷர் தேய்ந்திருந்து, அதன் கசிவை வண்டியின் கசிவு என்று நினைத்துக் கண்டன்சரை மாற்றிய கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம். மாதம் ஒருமுறையாவது கேஜ் செட்டை மட்டும் தனியாக அழுத்தம் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரைமணி நேரம் முள் நின்றது என்பதால் மட்டும் பாஸ் போட்டுவிடக் கூடாது. மாதத்தில் காலியாகும் கசிவே மணிக்கு 1 பிஎஸ்ஐதான் என்றோம். மூன்று மாதத்தில் காலியாவது அதில் மூன்றில் ஒரு பங்கு. இரவு முழுக்க விட்டுவைத்தால் 4 பிஎஸ்ஐ இறங்கும். ஆனால் இரவில் வெப்பமும் இறங்குகிறது. மாலை 40 டிகிரியில் 150 பிஎஸ்ஐ போட்டு, விடியற்காலை 30 டிகிரியில் பார்த்தால் ஒரு சொட்டுக் கசிவு இல்லாமலே முள் 145-க்கு அருகில் நிற்கும். ஆகவே அழுத்தத்தோடு வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளாத சோதனைக்கு மதிப்பில்லை. 10 டிகிரிக்கு 5 பிஎஸ்ஐ, 5 டிகிரிக்கு இரண்டரை பிஎஸ்ஐ என்று கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

முள் செய்யக்கூடியது அவ்வளவுதான். இடத்தைக் கண்டுபிடிப்பது சோப்புத் தண்ணீரும் கண்ணும். பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, நுரை எழாதபடி பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவ வேண்டும். ஸ்ப்ரே செய்தால் அதன் நுரையே கண்ணை மறைக்கும். பெரிய கசிவு உடனே முட்டை விட்டுக் காட்டிவிடும். மெல்லியது அப்படிக் காட்டாது. ஹோஸின் ரப்பரும் அலுமினியமும் சேரும் கிரிம்ப் ஓரத்தில், முதல் ஒரு நிமிடம் எதுவுமே இருக்காது. பிறகு ரவையைவிடச் சின்னக் குமிழ்கள் வெண்மையாக ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, பால் பொங்கத் தொடங்கும்போது ஓரத்தில் கட்டுமே, அந்த மாதிரி ஒரு விளிம்பு உருவாகும். இரண்டு நிமிடம் பொறுமையாக டார்ச் அடித்துப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். துடைத்துவிட்டு மறுபடி தடவினால் அதே இடத்தில் மறுபடியும் வரும்.

சோப்புத் தண்ணீருக்கு முன்பே கண் பார்த்துவிட வேண்டிய ஒன்றும் உண்டு. கேஸ் போகும் இடத்தில் கூடவே ஆயிலும் போகும். ஆயில் மேல் தூசி ஒட்டும். அலுமினியக் குழாய் பளபளவென்றிருக்க, ஓர் இணைப்பு மட்டும் கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் அங்கே தொடங்கலாம்.

எலக்ட்ரானிக் டிடெக்டர் ஆண்டுக்கு 4 கிராம் கசிவைக்கூடப் பிடிக்கும். ஆனால் பிடிப்பவரின் கை ஓட வேண்டும் சீராக. முனை குழாயிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள், வேகம் நொடிக்கு 25 முதல் 50 மில்லிமீட்டர். ஆர்-134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு கனம் என்பதால் இணைப்பின் அடிப்பக்கத்தில் பிடிக்க வேண்டும். காற்றடிக்கும் வாசலில், ஃபேன் ஓடும் இடத்தில், பெட்ரோலும் பிரேக் கிளீனரும் சிந்திய தரையில் அது சரியாக வேலை செய்யாது. நைட்ரஜன் மட்டும் இருந்தால் இந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. அதற்கு 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனும், ஹைட்ரஜனை முகரும் டிடெக்டரும் வேண்டும். வசதியுள்ள ஒர்க்‌ஷாப்கள் இதற்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அந்தக் கலவை தீப்பிடிக்காது, வளிமண்டலத்துக்கும் கேடில்லை.

ஏசி ஆயிலோடு கலந்து சுற்றி, கசியும் இடத்தில் ஒளிரும் சாயமான யூவி டை நல்ல கருவி, பொறுமையுள்ளவர்களுக்கு. 5 முதல் 7 மில்லி போதும். அதிகம் ஊற்றினால் ஆயிலின் பிசுக்கு கெட்டுக் கம்ப்ரசர் பாதிக்கப்படும். வண்டி ஒரு வாரம் ஓடிய பிறகு மஞ்சள் கண்ணாடி போட்டு நீல விளக்கில் பார்த்தால் கசியும் இடம் கிளிப்பச்சையாக ஒளிரும். கிரிம்ப்பிலும் ஷாஃப்ட் சீலிலும், அழுத்தமும் அதிர்வும் சேர்ந்தால் மட்டும் கசிகிற திருட்டுக் கசிவை நின்ற வண்டியில் பிடிக்க முடியாது; டைதான் காட்டிக்கொடுக்கும்.

தேடும் இடங்களில் முதலில் கவனிக்க வேண்டியது கேஸ் ஏற்றும் இரண்டு வாய்கள். உள்ளே டயர் வால்வைப் போன்ற ஒரு பின் இருக்கிறது. அதன் ரப்பர் வெப்பத்தில் இறுகிப்போனால் மெதுவாகக் கசியும். மேலே திருகும் பிளாஸ்டிக் மூடியைத் தூசிக்கான மூடி என்று நினைத்துத் தொலைத்துவிடுகிறார்கள். அதற்குள் ஓர் ஓ-ரிங் இருக்கிறது. கேஸை அடைத்து வைப்பதில் அதற்கும் பங்குண்டு. டயர் வால்வு பின்னை எடுத்து ஏசியில் போடுவது தவறு. அந்த ரப்பர் இந்த கேஸுக்கும் ஆயிலுக்கும் ஏற்றதல்ல. கண்டன்சரில் முன்பக்கம் கல் பட்ட இடங்களையும் கீழ்ப்பக்கம் சேறு தங்கும் ஓரத்தையும் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதன் இலைகளை அரித்து மாவாக்கிவிடும். சந்தேகம் என்றால் கழற்றி, இரு வாயையும் அடைத்து நைட்ரஜன் போட்டு, பஞ்சர் கடைக்காரர் டியூபை முக்குவதுபோல் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கலாம். இதைவிடச் சந்தேகமற்ற சோதனை கிடையாது.

கூலிங் காயில்தான் தலைவலி. டேஷ்போர்டுக்குள் இருப்பதால் பார்க்க முடியாது; பிரிக்க ஒரு நாள் வேலை. அதனாலேயே ‘இந்த வருஷம் மட்டும் நிரப்பி ஓட்டுங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். பிரிக்காமலே உறுதிசெய்ய வழி உண்டு. கேஸ் உள்ள வண்டியில் புளோயரை அணைத்து 15 நிமிடம் விட்டால், கசிந்த கேஸ் அடியில் தங்கும்; தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாயின் வாயில், தண்ணீர் படாமல் டிடெக்டர் முனையை வைத்தால் சொல்லிவிடும். நைட்ரஜனில் என்றால், என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் வந்து சேரும் இரண்டு குழாய்களையும் கழற்றி அடைப்புப் போட்டு, காயிலை மட்டும் தனியாக அழுத்தத்தில் வைக்க வேண்டும். உள்ளிடம் குறைவு என்பதால் முள் வேகமாக இறங்கிக் காட்டும். ஓட்டையான காயிலை வெல்டு வைத்தோ எம்-சீல் வைத்தோ ஓட்டலாம் என்று நம்பாதீர்கள். ஒரு குழி அரித்த காயிலில் பக்கத்தில் பத்துக் குழிகள் காத்திருக்கும்.

கசிவை அடைக்கும் டின் மருந்துகளும் கடையில் கிடைக்கின்றன. அவை ஈரம் பட்டதும் இறுகும். உள்ளே ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்விலேயே இறுகும், பிறகு அடுத்த ஒர்க்‌ஷாப்பின் ரிகவரி மெஷினுக்குள்ளும். நாங்கள் எந்த வண்டியிலும் போடச் சொல்ல மாட்டோம். அதைவிட மோசம், கேஸ் குறைந்ததால் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சுக்கு ‘டைரக்ட்’ கொடுத்து ஓடவிடுவது. ஆயில் கேஸோடுதான் சுற்றி வரவேண்டும்; கேஸ் இல்லையென்றால் கம்ப்ரசர் வறண்டு பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து வரும் இரும்புத் துகள் இக்கால கண்டன்சரின் மெல்லிய வழிகளுக்குள் புகுந்துவிட்டால் கழுவி எடுக்கவே முடியாது. சில ரூபாய் ஓ-ரிங்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை கம்ப்ரசர், கண்டன்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு என்று போய் நிற்கும்.

பழுது சரியானதும் நைட்ரஜனை மெதுவாகத் திறந்துவிட வேண்டும். வேகமாக விட்டால் ஆயிலையும் அள்ளிக்கொண்டு போகும். கதவடைத்த அறையிலோ சர்வீஸ் பள்ளத்திலோ விடக் கூடாது. மூச்சு முட்டும், வாசனையும் இருக்காது. கழற்றிய ஒவ்வோர் இணைப்புக்கும் புதிய ஓ-ரிங், ஏசி ஆயில் தடவி. திறந்து கிடந்திருந்தால், ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிது. பிறகு வேக்கம், பிறகு ஸ்டிக்கரில் உள்ள எடைக்குத் தராசு வைத்துக் கேஸ். நிரப்பி முடித்துக் கேஜைக் கழற்றியதும் அந்த இரண்டு வாய்களிலும் ஒருமுறை சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான் மூடியைத் திருக வேண்டும். சற்று முன்பு அழுத்தித் திறந்த அந்த வால்வு ‘பின்’தான் சரியாக உட்காராமல் கசியும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மின்சாரத்தில் ஓடும் அவற்றின் கம்ப்ரசரில் பெரும்பாலும் பிஓஇ ஆயில் இருக்கிறது. சாதாரண பிஏஜி ஆயில் அதில் கலந்தால் மின்காப்பு கெட்டு, கம்ப்ரசரின் உயர் மின்னழுத்தம் வண்டியின் உடலுக்குப் பாயும் நிலை வரும். பிஏஜி ஆயில் கலந்த டையும் அப்படித்தான். அதே ஹோஸ், அதே மெஷினை வைத்து அந்த வண்டிகளைத் தொடக் கூடாது.

இத்தகைய கேஸ்களைக் குறைப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றிருக்கிறது. ஆர்-134ஏ போன்ற கேஸ்களின் அளவு 2028-க்குப் பிறகு கூடக் கூடாது. 2032 முதல் படிப்படியாகக் குறையும், 2047-க்குள் 85 சதவீதம். இன்று டின் டின்னாகக் காற்றில் விடுவது அப்போது கிடைக்கவும் கிடைக்காது, விலையும் கட்டுப்படியாகாது.

உங்கள் வாசகர்களில் கார் வைத்திருப்பவர்கள் அடுத்தமுறை ஏசி வேலைக்கு வண்டியை விடும்போது பில்லில் நான்கு விவரங்களை எழுதித் தரும்படி கேட்க வேண்டும்: வண்டியிலிருந்து எடுத்த கேஸ் எத்தனை கிராம், போட்ட நைட்ரஜன் எத்தனை பிஎஸ்ஐ, அது எத்தனை மணி நேரம் எந்த வெப்பநிலையில் நின்றது, நிரப்பிய கேஸ் எத்தனை கிராம். அதோடு எந்த இடத்தில் கசிந்தது, என்ன மாற்றினார்கள் என்று ஒரு வரி. சோதனைக்கும் நேரத்துக்கும் தனிக் கூலி கேட்பார்கள். அது நியாயமான கூலி, கொடுங்கள். காலையில் விட்டு ஒரு மணி நேரத்தில் கேஸ் நிரப்பித் தரச் சொல்லி அவசரப்படுத்தினால், எங்களில் நல்ல வேலைக்காரருக்கும் முள்ளைப் பார்த்துத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

இப்படிக்கு,
கார் ஏசி பழுதுபார்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்.